பிள்ளை சுட்டான், பெற்றோர் சிறையில்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,



மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லண்ட் கவுண்டி உங்களில் பலருக்கு முகவரி. நோவை, டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று அங்குள்ள ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கார் நிறுவன வேலைக்காக வந்து, பள்ளிக்கூடம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்து வீடு வாங்கியவர்கள் பலர். அதே கவுண்டியின் வடக்கே ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூர் இருக்கிறது. 2021 நவம்பர் 30 அன்று அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 14, ஒருவருக்கு 16, இருவருக்கு 17. ஓர் ஆசிரியர் உட்பட ஏழு பேர் காயமடைந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்பது அந்த நாட்டுக்குப் பழகிப்போன துயரம். ஆக்ஸ்ஃபோர்டு வழக்கில் புதிதாக நடந்தது மூன்று நாள் கழித்து. கவுண்டியின் அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்டு, சுட்ட பையனின் அம்மா ஜென்னிஃபர் கிரம்பிளி, அப்பா ஜேம்ஸ் கிரம்பிளி இருவர் மீதும் வழக்குப் போட்டார். இறந்த ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றாக, கொல்லும் நோக்கமின்றி மரணத்துக்குக் காரணமானதாக நான்கு குற்றச்சாட்டுகள். 2024 பிப்ரவரி 6 அன்று அம்மா குற்றவாளி என்று ஜூரி சொன்னது. மார்ச் 14 அன்று, வேறொரு ஜூரி அப்பாவையும் குற்றவாளி என்றது. ஏப்ரல் 9 அன்று இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளியில் பலரைச் சுட்டுக்கொன்ற ஒருவனின் பெற்றோர் அந்த மரணங்களுக்கே பொறுப்பாக்கப்பட்டுத் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இந்தச் செய்தியைக் கேட்டதும் எழும் கேள்வி இயல்பானது. பிள்ளை செய்த பாவத்துக்கு அப்பனும் ஆத்தாளும் எப்படி ஜெயிலுக்குப் போவது? அடுத்து ஒரு நிம்மதியும் வரும்: நம் வீட்டில்தான் துப்பாக்கியே கிடையாதே. அந்தக் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. அந்த நிம்மதி மட்டும் போதாது. இரண்டையும் பேசத்தான் இந்த மடல்.

முதலில், அந்த வீட்டில் கடைசி ஐந்து நாள்களில் என்ன நடந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தீர்ப்பின் நியாயம் முழுக்க அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள். கடைகளில் தள்ளுபடி விற்பனை நடக்கும் தினம். ஜேம்ஸ் மகனைக் கூட்டிக்கொண்டு போய் 9 மில்லிமீட்டர் சிக் சாவர் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். உரிமம் பெற்ற கடை எதுவும் 21 வயது ஆகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். பணம் கட்டியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அப்பா. ஆனால் பையன் அன்றே அதைத் தன் புதுத் துப்பாக்கி என்று இணையத்தில் படம் போட்டான். மறுநாள் அம்மா அவனைச் சுடும் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனார். கிறிஸ்துமஸ் பரிசை மகனோடு சோதித்துப் பார்த்த நாள் என்று அவரும் சமூக ஊடகத்தில் பதிவு போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் பையன் கைபேசியில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டார். பள்ளி அம்மாவுக்குத் தகவல் விட்டது. பள்ளியைத் திரும்ப அழைக்காத அம்மா, மகனுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினார். கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்ற பொருளில், சிரிப்புக் குறியோடு.

செவ்வாய் காலை கணக்குத் தாளில் அவன் துப்பாக்கி ஒன்றை வரைந்தான். தோட்டா பட்டு இரத்தம் கசியும் ஓர் உருவத்தையும் வரைந்தான். பக்கத்தில், எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளி பெற்றோர் இருவரையும் உடனே வரவழைத்தது. அந்தச் சந்திப்பு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பையனுக்கு மனநல உதவி தேவை, முடிந்தால் இன்றே, இல்லையேல் 48 மணி நேரத்துக்குள் என்று ஆலோசகர் சொன்னார். அன்று வீட்டுக்கு அழைத்துப் போக முடியாது, வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று பெற்றோர் சொன்னார்கள். அம்மா அலுவலகம் போனார். அப்பா உணவு டெலிவரிக்குப் போனார். பையன் வகுப்புக்குப் போனான். துப்பாக்கி அவன் முதுகுப் பையில் இருந்தது.

அந்த அறையில் பேசப்படாத ஒரு வாக்கியம் இருக்கிறது. நான்கு நாளுக்கு முன்தான் இவனுக்காக ஒரு துப்பாக்கி வாங்கினோம் என்று அப்பாவோ அம்மாவோ வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பையை யாராவது திறந்திருப்பார்கள். வீட்டுக்கு ஒரு நடை போய் துப்பாக்கி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, பகல் ஒரு மணி நெருங்கும்போது பையன் சுடத் தொடங்கினான். செய்தி பரவியதும் அம்மா மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி: அப்படிச் செய்துவிடாதே. அப்பா வீட்டுக்கு ஓடி, துப்பாக்கியைத் தேடி, காணவில்லை என்றதும் அவசர எண்ணை அழைத்தார். சுட்டது தங்கள் மகனாக இருக்கலாம் என்று இருவருக்கும் அந்தக் கணமே தோன்றிவிட்டது. காலையில் தோன்றியிருக்க முடியாதா என்பதுதான் நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி.

துப்பாக்கி எங்கே, எப்படி இருந்தது என்பது அடுத்த கேள்வி. படுக்கையறை அலமாரியில் பெட்டிக்குள் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். துப்பாக்கியோடு கடையில் கொடுத்த கேபிள் பூட்டு உறை பிரிக்காமல் கிடந்தது. வீட்டிலிருந்த மற்ற துப்பாக்கிகளின் பெட்டகத்தில், தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய மூன்று பூஜ்ஜியமே ரகசிய எண்ணாக நீடித்தது. அந்தக் கேபிள் பூட்டைப் பூட்டுவது எவ்வளவு சுலபம் என்று ஜூரியின் கண்முன்னே செய்து காட்டினார்கள். சில நொடி வேலை.

தான் வேறு விதமாக எதையும் செய்திருக்க மாட்டேன் என்று ஜென்னிஃபர் சாட்சிக் கூண்டில் சொன்னார். அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பலரைக் கொதிக்க வைத்தது. பிற்பாடு, தண்டனை அறிவிக்கும் நாளில், அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவர் விளக்கினார். ஆனால் அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்த ஜூரியின் தலைவி தொலைக்காட்சியில் சொன்ன காரணம் வேறு. அந்தத் துப்பாக்கியைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த பெரியவர் அந்தத் தாய்தான் என்பதே தங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது என்றார் அவர்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பிள்ளையின் குற்றத்தைப் பெற்றோர் தலையில் கட்டினார்களா? இல்லை. பையன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு, 2023 டிசம்பரில் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை பெற்றான். பெற்றோர் தண்டிக்கப்பட்டது அவர்கள் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும். கடும் அலட்சியம்; தன் பொறுப்பில் உள்ள பிள்ளை பிறருக்குத் தீங்கு செய்யாமல் தடுக்கும் கடமையில் தவறியது; இந்தத் தவறு இப்படித்தான் முடியும் என்று சாதாரண மனிதர் எவருக்கும் தெரிந்திருக்கும் என்ற நிலை. அரசுத் தரப்பு இந்த மூன்றையும் நம்பியே வாதாடியது. வழக்கை விசாரணைக்கே அனுப்பக் கூடாது என்று பெற்றோர் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2023 மார்ச்சில் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தண்டனை விதித்த நீதிபதி செரில் மாத்யூஸ் இந்தத் தீர்ப்பு மோசமான வளர்ப்பைப் பற்றியது அல்ல என்று தெளிவாகவே சொன்னார். தடுத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் மேலும் மேலும் உரக்கக் கதவைத் தட்டின, யாரும் திறக்கவில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

ஊரிலிருந்து போனவர்களுக்கு இந்தச் சட்டத் தர்க்கம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இதே பாதையில்தான் போகிறது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்கத் தன்னால் ஆன எல்லாவற்றையும் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். பதினைந்து வயதுப் பையன் கையில் பைக் சாவியைக் கொடுத்த அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடுவதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் மனம், துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

அமெரிக்காவுக்கு வெளியேயும் இந்த வாசல் முன்பே திறந்துவிட்டது. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் வின்னென்டன் ஊரில் 17 வயதுப் பையன் 15 பேரைச் சுட்டுக்கொன்றான். அப்பாவிடம் ஏராளமான துப்பாக்கிகள். எல்லாம் பெட்டகத்தில், படுக்கையறையில் இருந்த ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கியைத் தவிர. அந்த ஒன்றுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் சிறைக்குப் போகவில்லை.

செர்பியாவின் பெல்கிரேடில் 2023 மே 3 அன்று நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டை உங்களில் படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சுட்டவன் வயது 13. இறந்தவர்கள் ஒன்பது மாணவர்களும் ஒரு காவலாளியும். அப்பா ஊரறிந்த மருத்துவர். துப்பாக்கிகள் சட்டப்படி பதிவானவை, ரகசிய எண் போட்ட பெட்டகத்தில் இருந்தவை. பையனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனதும் அப்பாதான். செர்பியாவில் 14 வயது ஆகாதவர் மீது குற்ற வழக்கே போட முடியாது என்பதால் பெற்றோர் நீதிமன்றத்தில் நின்றார்கள். 2024 டிசம்பர் இறுதியில் முதல்நிலை நீதிமன்றம் அப்பாவுக்குப் பதினான்கரை ஆண்டும் அம்மாவுக்கு மூன்றாண்டும் விதித்தது. மேல்முறையீடு அதன் பிறகு தொடர்ந்தது. படிப்பும் வசதியும் இருந்த வீடுதான் அது. பெட்டகமும் இருந்தது. ஆனால் அதன் எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

ஜார்ஜியா மாநில வழக்கு இன்னும் கசப்பானது. 2023 மே மாதம், இணையத்தில் வந்த ஒரு மிரட்டலைத் தேடிக்கொண்டு காவலர்கள் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அப்பாவையும் 13 வயது மகனையும் விசாரித்தார்கள். வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கின்றன, தன் மேற்பார்வை இல்லாமல் பையன் தொட முடியாது என்றார் அப்பா. அந்தக் கிறிஸ்துமஸுக்கே மகனுக்கு ஏஆர் வகைத் துப்பாக்கியைப் பரிசளித்தார் என்கிறது அரசுத் தரப்பு. 2024 செப்டம்பர் 4 அன்று வைண்டர் நகரின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில், அந்த மகன் நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். மறுநாளே அப்பாவும் கைதானார்; அவர் மீது இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டும் பதிவானது.

எல்லா வழக்கும் பெற்றோருக்கு எதிராக முடிவதில்லை. டெக்சாஸின் சாண்டா ஃபே பள்ளியில் 2018 மே மாதம் பத்துப் பேர் இறந்த சம்பவத்தில், பையன் எடுத்துப் போனது அப்பாவின் துப்பாக்கிகளைத்தான். இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில், பெற்றோரிடம் அலட்சியம் இல்லை என்று 2024 ஆகஸ்டில் ஜூரி சொன்னது. துப்பாக்கிகளைப் பூட்டித்தான் வைத்திருந்தோம், மகனிடம் எந்த அறிகுறியும் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சாண்டா ஃபேவுக்கும் உள்ள இந்த வேறுபாடு முக்கியமானது. தெரிந்ததா, பூட்டினாயா என்ற இரண்டையும்தான் ஜூரிகள் கேட்கிறார்கள்.

இதில் எல்லாமே சரியாக இருக்கிறது என்று இந்த மடல் சொல்லவில்லை. இலினாய் மாநிலத்தின் ஹைலண்ட் பார்க்கில் 2022 ஜூலை 4 ஊர்வலத்தில் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றவனின் அப்பா, மகனுக்கு 19 வயதிருக்கும்போது துப்பாக்கி உரிமை அட்டைக்கான விண்ணப்பத்தில் ஆதரவுக் கையெழுத்துப் போட்டவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், குடும்பத்தையே கொல்வேன் என்று மகன் மிரட்டியதாகப் புகார் வந்து காவல்துறை வீட்டிலிருந்து கத்திகளை அள்ளிப் போயிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த அப்பாவுக்குக் கிடைத்தது 60 நாள் சிறை. வர்ஜீனியாவில் 2023 ஜனவரியில் ஆறு வயதுச் சிறுவன் வகுப்பறையில் ஆசிரியையைச் சுட்டுக் காயப்படுத்தினான். ஆசிரியை உயிர் பிழைத்தார். அந்தச் சிறுவனின் அம்மாவுக்குக் கூட்டரசு வழக்கில் 21 மாதம், மாநில வழக்கில் இரண்டாண்டு. அறுபது நாளுக்கும் பத்தாண்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பது நீதிக்கு அழகல்ல. எந்த மாநிலம், எந்த வழக்கறிஞர், எந்தக் குற்றப் பிரிவு என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறினால், முதலில் மாட்டப்போவது நல்ல வக்கீல் வைக்க வழியில்லாத வீடுகள்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியையும் மறக்கக் கூடாது. பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அப்படி ஒரு படம் வரைந்தவனை மீண்டும் வகுப்புக்கு அனுப்பிய பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். பள்ளி ஊழியர் எவர் மீதும் குற்ற வழக்கு இல்லை. பையனைப் பெரியவனாகக் கருதி ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்த அதே அரசுத் தரப்பு, அவன் பிள்ளை என்பதால் பெற்றோர் பொறுப்பு என்றும் வாதிட்டது. இந்த முரண் உறுத்துகிறது. ஆனாலும் அந்த வீட்டில் பூட்டு உறை பிரியாமல் கிடந்தது என்ற உண்மை இவை எதனாலும் மாறிவிடாது.

வழக்குகள் வருவதெல்லாம் உயிர் போன பிறகு. முன்கூட்டியே காப்பது பூட்டுச் சட்டங்கள். பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கிய முதல் மாநிலம் ஃபுளோரிடா, 1989 இல். ஆக்ஸ்ஃபோர்டு சம்பவம் நடந்தபோது மிச்சிகனில் அப்படி ஒரு சட்டமே இல்லை. அது வந்தது 2024 பிப்ரவரி 13 அன்று. மறுநாளே ஃபிளின்ட் நகரில் இரண்டு வயதுக் குழந்தை பூட்டாத துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டது. புதுச் சட்டத்தில் வழக்குப் பதிவான முதல் ஆள் அந்தக் குழந்தையின் அப்பா.

இனி அந்த நிம்மதியைப் பற்றி. உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளை சனிக்கிழமை விளையாடப் போகும் வீட்டில், ஸ்லீப்ஓவருக்குப் படுக்கும் வீட்டில் இருக்கிறதா? 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவு ஆராய்ந்து 2019 இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி கொண்டு தாக்கியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் அதை எடுத்தது பெற்றோர் வீட்டிலிருந்து, அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. அவற்றில் பாதி வழக்குகளில் துப்பாக்கி சுலபமாகக் கைக்கு எட்டியது, அல்லது பேருக்குத்தான் பாதுகாக்கப்பட்டிருந்தது. 2020 முதல் அமெரிக்காவில் ஒன்று முதல் 19 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்தையும் தாண்டிவிட்டது. அந்தச் சாவுகளில் தற்கொலைகளும் ஏராளம். பள்ளித் தாக்குதலைவிட உங்கள் பிள்ளைக்கு அருகில் இருக்கும் ஆபத்து அது.

எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது என்பதை நம்பவே வேண்டாம். அலபாமாவில் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோர்களின் பிள்ளைகளைத் தனியே கேட்டார்கள். 39 சதவீதப் பிள்ளைகளுக்கு இடம் தெரிந்திருந்தது. பிள்ளை தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். பீரோச் சாவி எங்கே தொங்குகிறது என்பது நம் ஊர் வீடுகளில் எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது?

ஆகவே சில வேண்டுகோள்கள்.

பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்புமுன், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். கடலை அலர்ஜி உண்டா, நாய் கடிக்குமா என்று கேட்கக் கூச்சப்படாத நீங்கள் இதற்கு மட்டும் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமே இதைக் கேட்கச் சொல்கிறது. பதில் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டுப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

வேட்டைக்காகவோ, பாதுகாப்புக்காகவோ, அக்கம்பக்கத்துப் பழக்கத்திலோ துப்பாக்கி வாங்கியிருந்தால் அதைத் தோட்டா இல்லாமல் பூட்டுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள். ரகசிய எண் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம். பல காவல் நிலையங்கள் கேபிள் பூட்டை இலவசமாகத் தருகின்றன.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் திரும்ப அழையுங்கள். ஆலோசகர் கூப்பிட்டால், அலுவலகக் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். வீட்டில் ஆயுதம் இருந்தால் அந்த அறையிலேயே சொல்லுங்கள். இதைச் சொல்வதில் அவமானமில்லை.

நம் வீடுகளில் பிள்ளை சோர்ந்து கிடந்தால், படிப்புப் பாரம், வயசுக் கோளாறு, தானே சரியாகிவிடும் என்று சொல்வது வழக்கம். மனநல மருத்துவரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு பையன் தன் குறிப்பேட்டில், உதவி கேட்டும் பெற்றோர் காது கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தான். அதை ஜூரி படித்தது. உங்கள் பிள்ளை எதையாவது சொல்ல வந்தால், இடைமறிக்காமல், புத்தி சொல்லாமல், முழுக்கக் கேளுங்கள். நிலைமை கைமீறுவதாகத் தோன்றினால் அமெரிக்காவில் எந்த நேரமும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அந்த எண்ணை இன்றே உங்கள் கைபேசியிலும், பிள்ளையின் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.